தலையில் எண்ணெய் வைத்தால் பொடுகு போகுமா, கூடுமா?

பால்மரத்து மகள் (சுங்கை சிப்புட்)
4 செப்டம்பர், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மூன்றாம் படிவத்தில் படிக்கிறாள். மாணவர் தலைவர் என்பதால் கருநீலக் கோட்டு அணிந்து பள்ளிக்குப் போக வேண்டும். இடைவேளை மணி அடிப்பதற்குள் கோட்டின் தோளில் வெள்ளைத் துகள் படிந்துவிடுகிறது. "நீ தலைக்குக் குளிப்பதே இல்லையா?" என்று உடன் படிக்கும் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தக் கோட்டைக் கண்டாலே அவள் முகம் வாடிப் போகிறது.

தலை வறண்டுவிட்டது, அதனால்தான் உதிர்கிறது என்பது என் மாமியாரின் முடிவு. கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை ஒவ்வோர் இரவும் தேய்த்துவிடுகிறார். லாசா சாலைத் தோட்டத்தில் நான் விடியுமுன் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போன காலம் முழுவதும் இந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். அவருடைய கையைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எண்ணெய் வைக்க வைக்கத் துகள் கூடுவதாகவே எனக்குத் தெரிகிறது. அது உலர்ந்து உதிர்வதாகவும் இல்லை. மஞ்சளாக, பிசுபிசுப்பாகத் தலைத்தோலில் ஒட்டியிருக்கிறது. காதுக்குப் பின்னாலும் புருவத்திலும்கூட இருக்கிறது.

எண்ணெயை நிறுத்திவிட வேண்டுமா? எந்த ஷாம்பு வாங்குவது? வீட்டு வைத்தியத்தால் தீருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மருந்துக்கடை அண்ணன் (ஈப்போ)
4 செப்டம்பர், இரவு 10.35

தங்கைக்கு வணக்கம். நான் மருந்தாளர். ஷாம்புவைப் பற்றிப் பேசுவதற்கு முன் மகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பொடுகு அழுக்கினால் வருவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதும் இல்லை. பெரியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைத் தொடும் தொல்லை இது. பருவ வயதில் ஹார்மோன்கள் தலைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டும்போதுதான் பெரும்பாலும் தொடங்குகிறது. கேலி செய்த பிள்ளைகளிலும் சிலருக்கு அடுத்த ஆண்டே வரக்கூடும்.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் எண்ணெய்க் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. மலசீசியா என்ற நுண்ணிய பூஞ்சை நம் எல்லோர் தலைத்தோலிலும் வாழ்கிறது. அதில் ஒரு வகையான மலசீசியா குளோபோசாவின் மரபணுத் தொகுதியை 2007-இல் வெளியிட்டார்கள். கொழுப்பு அமிலத்தைத் தானாக உருவாக்கும் திறன் அதற்கு இல்லை என்பது அப்போது தெளிவானது. நம் தோல் சுரக்கும் எண்ணெயைத்தான் அது நம்பி வாழ வேண்டும். அதற்கென்று ஒரு நொதியைச் சுரந்து எண்ணெயை உடைக்கிறது. தனக்கு வேண்டிய நிறைவுற்ற கொழுப்பை எடுத்துக்கொண்டு ஒலியிக் அமிலத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. பலருக்கு அந்த அமிலத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. சிலருடைய தோல் மட்டும் அதைத் தாங்காமல் எரிச்சலடைகிறது. வழக்கமாகத் தோலின் மேற்பரப்பு புதிதாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எரிச்சலடைந்த தோல் அவசரப்படுகிறது. முதிராத உயிரணுக்கள் கொத்துக் கொத்தாகக் கழன்று வருகின்றன. தோளில் விழுவது அவைதான்.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அதன் சங்கிலியில் 12 கார்பன் அணுக்கள் உள்ளன. 11 முதல் 24 வரை கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்கள் இந்தப் பூஞ்சைக்கு உகந்த உணவு. நல்லெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் அதே வரம்புக்குள்தான் வருகின்றன. பிசுபிசுப்பான மஞ்சள் பொடுகு உள்ள தலையில் இரவு முழுவதும் எண்ணெயை ஊறவிட்டால் பொடுகு கூடுகிறது என்று நீங்கள் கவனித்தது சரி. இது வறட்சியால் வந்ததில்லை. புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் இருப்பதைப் பார்த்தால் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையாக இருக்கலாம். அதுவும் இதே பூஞ்சையோடு தொடர்புடையது, பொடுகின் கடுமையான வடிவம்.

மருந்தகத்தில் 2 விழுக்காடு கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பு கேளுங்கள். நிசோரால் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். அதே மருந்து வேறு பெயர்களில் விலை குறைவாகவும் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை பயன்படுத்த வேண்டும். தலை தெளிந்த பிறகு, திரும்ப வராமலிருக்க வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ போதும்.

என் கடையில் "அந்த ஷாம்பு எனக்குக் கேட்கவில்லை" என்று வருத்தத்தோடு திரும்பி வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு நேரம் தலையில் வைத்திருந்தீர்கள் என்பதுதான். பெரும்பாலோர் நுரை வந்தவுடன் அலசிவிடுகிறார்கள். இது முடிக்கு இடும் சோப்பு இல்லை, தோலுக்கு இடும் மருந்து. முடியை வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் தலைத்தோலில் படும்படி தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, அதன் பிறகு அலச வேண்டும். நீண்ட கூந்தல் உள்ள பிள்ளைக்கு இதில் இன்னொருவர் கை உதவி வேண்டும். உங்கள் மாமியாரிடமே அந்த வேலையைக் கொடுங்கள். பிள்ளையின் தலையைத் தொட்டுப் பழகிய கை அது.


பேத்தி (பீடோர்)
5 செப்டம்பர், காலை 7.48

மருந்துக்கடை அண்ணன் சொன்ன அறிவியலோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தப் பேச்சு "பாட்டி செய்தது தவறு, பாட்டில் மருந்துதான் சரி" என்று முடிந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் பாட்டி காலத்தில் லயத்து வீடுகளில் எண்ணெய் வைத்தது எப்படி என்பதை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், பெண்களுக்குச் செவ்வாய் அல்லது வெள்ளி, ஆண்களுக்குப் பெரும்பாலும் சனி. நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தேய்ப்பார்கள். அரை மணி நேரம் ஊறுவார்கள். பிறகு சீயக்காயோ அரப்போ போட்டுப் பிசுக்குத் துளியும் இல்லாமல் தேய்த்துக் குளிப்பார்கள். எண்ணெயைத் தேய்த்த அன்றே அகற்றிவிடுவதுதான் அந்த முறையின் உயிர்நாடி. சீயக்காயில் நுரைக்கும் சபோனின் இருக்கிறது, எண்ணெயை எடுத்துவிடும். இன்று நாம் எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு சீயக்காயை விட்டுவிட்டோம். இரவில் தேய்த்து, காலையில் அப்படியே பின்னி, நாள் முழுவதும் வெயிலிலும் வியர்வையிலும் வைத்திருப்பது நம் முன்னோர் முறை இல்லை. உங்கள் மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். அவரை மறுத்ததாக ஆகாது. அவருடைய அம்மாவின் வழக்கத்துக்கே திரும்புவதாகத்தான் ஆகும்.

வெந்தயத்தை இரவில் ஊறவைத்து அரைத்துப் பூசினால் தலைத்தோலின் எரிச்சல் தணியும், முடி மிருதுவாகும். அதைப் பொடுகுக்கு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன், அரிக்கும் தலைக்கு ஆறுதல் என்று சொல்வேன். சோற்றுக்கற்றாழையும் அப்படியே. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுவதும் வடியவிட்டுக் கழுவிவிட்டு உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுக்க வேண்டும், அந்தப் பால் பட்டால் அரிக்கும். வீட்டு வேலியில் நிற்கும் செம்பருத்தி இலையைக் கசக்கினால் வரும் வழுவழுப்பு, முடியை உலர்த்தாமல் அழுக்கை எடுக்கும். சித்த மருத்துவத்தில் பொடுகுக்குப் பொடுதலைத் தைலம் சொல்வார்கள். அதுவும் குளியலுக்கு முன் தேய்த்து அலசுவதற்குத்தான்.

சீயக்காய்த் தூள் வாங்கினால் சலித்துப் பயன்படுத்துங்கள். கரடுமுரடான தூள் புண்பட்ட தோலைக் கீறும். சரியாக அலசாவிட்டால் அந்தத் தூளே துகளாகத் தோளில் விழும்.


மருந்துக்கடை அண்ணன் (ஈப்போ)
5 செப்டம்பர், பிற்பகல் 1.20

பேத்தி எழுதியதை முழு மனதோடு ஏற்கிறேன். குளிப்பதற்கு முன் அரை மணி, ஒரு மணி நேரம் எண்ணெய் வைத்து, கெட்டியான செதிலை இளக்கி, பிறகு மருந்து ஷாம்பு போட்டு முழுவதும் அகற்றுவது நல்ல முறை. மருத்துவமனைகளில் தலைச் சொரியாசிஸுக்கு (தடித்த செதில் படரும் தோல் நோய்) கொடுக்கும் கோகோயிஸ் களிம்பிலேயே தேங்காய் எண்ணெய் இருக்கிறது. நிலக்கரித் தார், கந்தகம், சாலிசிலிக் அமிலம் மூன்றையும் அதில் கலந்திருப்பார்கள்.

ஒன்றைச் சேர்க்கிறேன். இயற்கைப் பொருள்களில் நன்றாகச் சோதிக்கப்பட்டது டீ ட்ரீ எண்ணெய், ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து வடிப்பது. 2002-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 126 பேருக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 5 விழுக்காடு டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஷாம்பு போட்டவர்களுக்குப் பொடுகு 41 விழுக்காடு குறைந்தது. மருந்தில்லாத ஷாம்பு போட்டவர்களுக்கு 11 விழுக்காடு. லேசான பொடுகுக்கு இது பயனுள்ள வழி. ஆனால் பாட்டிலில் வரும் எண்ணெயை அப்படியே தலையில் ஊற்றக் கூடாது, தோல் வெந்துவிடும். குழந்தைகள் கையில் எட்டாமல் வைக்க வேண்டும், விழுங்கினால் நஞ்சு.

வேப்பிலை ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையைத் தடுக்கிறது. மனிதத் தலையில் எவ்வளவு பயன் என்பதற்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. வேப்பெண்ணெயைச் சிறு குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுப்பது ஆபத்து என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இன்னும் சில வீடுகளில் அந்தப் பழக்கம் இருக்கிறது.


வாசகி (குளுவாங்)
5 செப்டம்பர், மாலை 6.05

கீட்டோகோனசோல் கல்லீரலைக் கெடுக்கும் என்று படித்தேன். பள்ளிப் பிள்ளைக்கு அதைப் போடலாமா?


மருந்துக்கடை அண்ணன் (ஈப்போ)
5 செப்டம்பர், இரவு 8.50

அந்த எச்சரிக்கை மாத்திரையைப் பற்றியது. கீட்டோகோனசோல் மாத்திரை கல்லீரலுக்குக் கடும் தீங்கு செய்யக்கூடியது என்பதால் 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவிலும் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். ஷாம்பு தலையில் சில நிமிடம் இருந்து அலசப்படுகிறது. அதிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிக மிகக் குறைவு. பயம் வேண்டாம். தோல் வறட்சி, லேசான எரிச்சல் வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் எந்த மருந்து ஷாம்புவுக்கும் முன்பு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கீட்டோகோனசோல் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வழிகளும் உண்டு. ஜிங்க் பைரிதியோன் கலந்தவை லேசான பொடுகுக்குப் போதும். 1961-இல் அமெரிக்காவில் அறிமுகமான ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் பிரபலமாக்கிய மருந்து அதுதான். செலினியம் சல்ஃபைடு வலிமையானது, செல்சன் என்ற ஷாம்புவில் இருப்பது அது. வாடை சற்றுக் கடுமையாக இருக்கும், வெள்ளி தங்க நகையைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும். சாலிசிலிக் அமிலம் செதிலை உரிக்கும், பூஞ்சையை அதிகம் தொடாது. தார் ஷாம்பு போட்டால் வெயில் படும் தோல் சீக்கிரம் சிவக்கும், தோட்ட வேலைக்காரர்களுக்கு நான் அதை முதலில் பரிந்துரைப்பதில்லை.

இன்னொன்று. நம் ஆட்களில் பலருக்குக் கழுத்திலும் முதுகிலும் வெளிர் நிறத்தில் வரும் தேமலுக்கும் மலசீசியாதான் காரணம். இதே ஷாம்பு அதற்கும் கேட்கும், ஆனால் போடும் முறை வேறு. மருந்தாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.


செம்பனைக்காரன் (சுங்கை சிப்புட்)
6 செப்டம்பர், இரவு 9.30

அண்ணா, எனக்கும் ஒரு கேள்வி. செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் வேலை. காலையிலிருந்து பாதுகாப்புத் தலைக்கவசம், அதற்குள் துண்டு, எல்லாம் வியர்வையில் ஊறிவிடும். தலை அரிப்புத் தாங்க முடியவில்லை. எலுமிச்சைச் சாற்றைத் தலையில் தேய்த்துக்கொண்டு வேலைக்கு வந்தால் பொடுகு வெந்து போகும் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? எனக்குச் செதில் வெள்ளி நிறத்தில் தடித்து இருக்கிறது. நெற்றி விளிம்பைத் தாண்டி வெளியேயும் வருகிறது. முழங்கையிலும் அதே மாதிரி இரண்டு படை இருக்கிறது.


மருந்துக்கடை அண்ணன் (ஈப்போ)
6 செப்டம்பர், இரவு 10.10

தம்பி, எலுமிச்சை வேண்டவே வேண்டாம். எலுமிச்சை வகைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், அதிலுள்ள ஃப்யூரனோகுமாரின் என்ற பொருள் சூரியனின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். உடனே தெரியாது. ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம் எழும். ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். சாறு நெற்றியிலும் கழுத்திலும் வழிந்த தடம் அப்படியே தழும்பாகப் பதியும். நாள் முழுவதும் வெயிலில் நிற்கிற உங்களுக்கு இது கூடவே கூடாது. லிமாவ் காஸ்தூரி, லிமாவ் பூருட் என்ற நம் ஊர் எலுமிச்சை வகைகள் எதுவானாலும் எச்சரிக்கை ஒன்றுதான். தலைக்கு எலுமிச்சை போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் மாலையில் நீர் கலந்து போட்டு, நன்றாக அலசிக் கையையும் கழுவிவிட வேண்டும்.

அதைவிட முக்கியமானது உங்கள் முழங்கை. தடித்த வெள்ளிச் செதில், முடி விளிம்பைத் தாண்டுவது, முழங்கையில் படை, இம்மூன்றும் சேர்ந்தால் பொடுகைவிடச் சொரியாசிஸ் என்றே சந்தேகிக்க வேண்டும். நம் ஊரில் காளாஞ்சகப் படை என்பார்கள். நகத்தில் ஊசியால் குத்தியதாகச் சிறு குழிகள் இருக்கின்றனவா, காலையில் மூட்டு விறைக்கிறதா என்று பாருங்கள். அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அங்கிருந்து கடிதம் கொடுத்தால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். முழங்கையைக் கட்டாயம் காட்டுங்கள். தலையை மட்டும் காட்டினால் பொடுகு என்று எழுதி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.


கத்தரிக்கோல் (கோல கங்சார்)
7 செப்டம்பர், பிற்பகல் 3.15

முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டால் பொடுகு அற்றுப் போகும் என்று பலர் நம்பி வருகிறார்கள். மொட்டையடித்த தலையில் துகள் தங்க இடம் இல்லை, மருந்தும் நேரே தோலில் படும், அந்தச் சில வாரம் நிம்மதிதான். எண்ணெய்ச் சுரப்பி தோலுக்குள் இருக்கிறது, அதைக் கத்தி தொடுவதில்லை. முடி வளர்ந்ததும் பொடுகும் வரும். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுங்கள், பொடுகுக்காகப் போடாதீர்கள்.

அரிப்பும் சிவப்பும் உள்ள தலையில் முடிச் சாயம் பூசச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். புண்பட்ட தோலில் சாயம் பட்டு முகமே வீங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.


ஆசிரியை (சித்தியவான்)
7 செப்டம்பர், இரவு 8.02

தமிழ்ப்பள்ளியில் சிறு வகுப்புகளுக்குக் கற்பிக்கிறேன். பெற்றோர் பலர் "பொடுகு" என்று சொல்லி அனுப்பும் தலையில் சில நேரம் வேறு ஒன்று இருக்கிறது. வட்டமாக முடி உதிர்ந்த இடம், அதில் ஒடிந்த முடியின் கறுப்புப் புள்ளிகள், ஓரத்தில் செதில். அது தலையில் வரும் படர்தாமரை. பருவமடையாத பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். பொடுகு ஒட்டாது, இது ஒட்டும். சீப்பு, தொப்பி, தலையணை வழியாகப் பரவும். பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சும் பூனைக்குட்டியிடமிருந்தும் வரும். முடியின் வேருக்குள் இருக்கும் பூஞ்சை என்பதால் ஷாம்பு மட்டும் போதாது. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். எண்ணெயும் வெங்காயச் சாறும் பூசி நாள்களைக் கடத்தினால் அந்த இடத்தில் சீழ் கட்டி, முடி திரும்ப முளைக்காமலே போகலாம். ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொடுகு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒரு முறை கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

முடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு தட்டினால் விழாமல் இருந்தால் அது ஈர், அதாவது பேன் முட்டை. பொடுகு தட்டினால் விழும்.


பால்மரத்து மகள் (சுங்கை சிப்புட்)
8 செப்டம்பர், இரவு 9.40

எவ்வளவு விவரம்! எல்லோருக்கும் நன்றி. பேத்தி சொன்னபடியே மாமியாரிடம் பேசினேன். "எங்க அம்மா சீயக்காய் போடாமல் எழுந்திருக்கவே விடமாட்டார்" என்று அவரே தொடங்கிவிட்டார். ஷாம்பு வாங்கியாகிவிட்டது. அலசும் வரை ஐந்து நிமிடம் கணக்குப் பார்ப்பதும் அவர்தான்.

இன்னொரு சந்தேகம். இரவுச் சந்தையில் மூலிகைத் தைலம் என்று ஒரு சிறு பாட்டில் விற்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா அதைத் தேய்த்த அன்றே அரிப்பு நின்றுவிட்டது என்கிறார். மகளுக்கும் வாங்கச் சொல்கிறார். பாட்டிலில் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டும்தான் இருக்கின்றன.


மருந்துக்கடை அண்ணன் (ஈப்போ)
8 செப்டம்பர், இரவு 10.25

தங்கை, வாங்க வேண்டாம். நாள்பட்ட அரிப்பு ஒரே நாளில் நின்றது என்று கேட்டால் எனக்கு முதலில் தோன்றுவது ஸ்டீராய்டு கலப்படம். அந்த ஒரு பாட்டிலில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பார்த்ததில்லை. ஆனால் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்து விற்ற பாரம்பரிய மருந்துகளையும் பூச்சுகளையும் நம் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். அளவு தெரியாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், முகத்தில் வழிந்தால் பருவும் சிவப்பும் வரும், நிறுத்தினால் அரிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். மருத்துவரும் பொடுகுக்கு ஸ்டீராய்டு எழுதுவார், மறுக்கவில்லை. அது வீக்கம் தணியும் வரை சில நாள்களுக்கு, அளவோடு.

மலேசியாவில் பதிவான மருந்து எதுவாக இருந்தாலும் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் அந்த எண்ணின் பின்னால் T என்ற ஆங்கில எழுத்து வரும். கூடவே ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இருக்கும். சாதாரண ஷாம்பு, அழகுப் பொருள் என்றால் என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கும் எண். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் அந்த எண்ணை அடித்தால் பொருளின் பெயர் வர வேண்டும். எண்ணே இல்லாத பாட்டிலைப் பிள்ளையின் தலைக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லுங்கள். அவர் நீண்ட நாளாகப் பூசியிருந்தால் பாட்டிலை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கட்டும்.


வாசகி (குளுவாங்)
9 செப்டம்பர், காலை 11.00

உடல் சூட்டால்தான் பொடுகு வருகிறது என்று என் அம்மா சொல்கிறார். துரியான் காலம் முடிந்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தலை அரிக்கிறது.


பேத்தி (பீடோர்)
9 செப்டம்பர், பிற்பகல் 12.30

துரியான் சாப்பிட்டால் பொடுகு வரும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை, சகோதரி. மன அழுத்தமும் தூக்கக் குறைவும் பொடுகைக் கூட்டும் என்பதை மருத்துவர்களும் சொல்கிறார்கள். துரியான் காலத்தில் இரவெல்லாம் தோப்பில் காவல் இருப்பவர்களுக்குத் தூக்கம் எங்கே? அம்மா கவனித்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, காரணம் வேறாக இருக்கலாம். இளநீரும் மோரும் தாராளமாகக் குடியுங்கள், உடலுக்கு நல்லது. தலைக்கு வேண்டியதைத் தலைக்குத்தான் செய்ய வேண்டும்.


பால்மரத்து மகள் (சுங்கை சிப்புட்)
3 அக்டோபர், இரவு 9.05

தாமதமாக எழுதுகிறேன். மகளுக்குக் காதுக்குப் பின்னால் முழுவதும் தெளிந்துவிட்டது. தலையில் ஓரிரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய செதில். அரிப்பு இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தோளைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். புருவத்துக்கு கிளினிக்கில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். ஷாம்புவை இப்போது நிறுத்திவிடலாமா? தீபாவளிக்கு நல்லெண்ணெய்க் குளியல் கட்டாயம் என்று மாமியார் கேட்கிறார், அவருக்கு என்ன சொல்வது?


மருந்துக்கடை அண்ணன் (ஈப்போ)
3 அக்டோபர், இரவு 9.50

நல்ல செய்தி! அடியோடு நிறுத்த வேண்டாம். பூஞ்சை நம் தோலின் குடியிருப்பாளர், அதை ஒரேயடியாக விரட்ட முடியாது, விரட்டவும் தேவையில்லை. எண்ணிக்கை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஷாம்பு, மற்ற நாள்களில் சாதாரண ஷாம்புவோ சீயக்காயோ. பரீட்சை நெருங்கும்போது திரும்ப உதிர்ந்தால் மறுபடி வாரம் இரண்டு முறைக்குப் போங்கள். திரும்ப வந்தது என்பதால் மருந்து தோற்றுவிட்டதாக அவள் நினைக்கக் கூடாது, இதன் இயல்பே அப்படித்தான்.

தீபாவளிக் குளியல் தாராளமாக நடக்கட்டும். விடியலில் எண்ணெய் வைத்து, அரை மணிக்குள் சீயக்காய் போட்டு எண்ணெய் முழுவதையும் எடுத்துவிட்டு, அன்றைக்கே மருந்து ஷாம்புவையும் ஐந்து நிமிடம் வைத்து அலசுங்கள்.


செம்பனைக்காரன் (சுங்கை சிப்புட்)
6 அக்டோபர், இரவு 8.40

அண்ணா, முழங்கையைக் காட்டினேன். சொரியாசிஸ்தான் என்றார்கள். நகத்திலும் குழி இருப்பதை டாக்டரே பார்த்துச் சொன்னார். ஈப்போவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள், அதுவரைக்கும் தலைக்கு நீங்கள் சொன்ன அதே கோகோயிஸ் களிம்பு. தலைக்கவசத்தை என்ன செய்வது? போடாமல் வேலை செய்ய விடமாட்டார்கள், குலை விழும் இடத்தில் போடாமல் நிற்கவும் முடியாது.


மருந்துக்கடை அண்ணன் (ஈப்போ)
6 அக்டோபர், இரவு 9.15

கவசத்தைக் கழற்றவே வேண்டாம், தம்பி. உள்ளே இருக்கும் பட்டையையும் வியர்வைத் துணியையும் கழற்ற முடிந்தால் அன்றாடம் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். இறுக்கமாக உராயும் இடத்தில் சொரியாசிஸ் கிளம்பும், அதனால் பட்டையைச் சற்றுத் தளர்த்தி, மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டி அதன் மேல் கவசம் போடுங்கள். துணி இரண்டு மூன்று வைத்துக்கொண்டு நனைய நனைய மாற்றுங்கள். களிம்பை இரவில் பூசிக் காலையில் அலசிவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். அதில் தார் இருக்கிறது, பூசியதோடு வெயிலில் நிற்கக் கூடாது. செதிலை நகத்தால் பெயர்க்காதீர்கள், பெயர்த்த இடத்தில் புதிய படை வரும். ஈப்போவில் தேதி கிடைத்ததும் மூட்டு விறைப்பு இருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.